கணக்கில் மூடிய பள்ளம்

எங்கள் வீதிக் கடைசியில் ஒரு பள்ளம். குடிநீர்த் தொட்டி கட்டுவதாகச் சொல்லி ஊராட்சி தோண்டியது. தொட்டி வரவில்லை. மழை பெய்தால் தண்ணீர் நிற்கும். சாக்கடைத் தண்ணீர் இல்லை, தெளிந்த தண்ணீர். டெங்குக் கொசுவுக்கு அதுதான் வேண்டும். என் மனைவி புவனா ஆடி மாதம் டெங்குவில் இறந்த பிறகு இதையெல்லாம் படித்துத் தெரிந்துகொண்டேன்.

புரட்டாசி பிறந்ததும் பக்கத்து வீட்டுக் கனகத்தின் பையன் ரித்விக்குக்குக் காய்ச்சல் வந்தது. எனக்கு நான்கு வயதில் ஒரு மகள். நந்திதா. ஐப்பசி மழைக்கு முன் அந்தப் பள்ளத்தை மூடியாக வேண்டும். வேறு எதிலும் எனக்கு அக்கறை இல்லாமல் போயிருந்தது. இதில் மட்டும் இருந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு ஊராட்சி அலுவலகத்துக்குப் போனேன்.

செயலர் மருதாசலம் எழுந்து நின்று வரவேற்றார்.

"வாங்க தம்பி. பாப்பா நல்லாருக்குதுங்களா?"

"நல்லாருக்குதுங்ணா. எங்க வீதிப் பள்ளத்துல மண்ணுக் கொட்டி மூடிக் குடுங்க. புகையும் அடிக்கணும்."

"மூணாவது வீதிதானுங்களே?" கம்ப்யூட்டரைப் பார்த்தார். "அது முடிஞ்சிருச்சேங்க."

"எது?"

"பள்ளம் மூடினது, புகை அடிச்சது, டெங்கு விழிப்புணர்வு முகாம் நடத்தினது. எல்லாம் ஒரே வேலையா ஆடி மாசமே முடிஞ்சிருக்குது பாருங்க. பில்லுப் போட்டுப் பணமும் எடுத்தாச்சு."

"பள்ளம் அப்படியே கெடக்குதுங்ணா. வந்து எட்டிப் பாருங்க."

"கெடக்கும். நான் இல்லைன்னு சொல்லலீங்க. கணக்குல மூடியாச்சுன்னு சொல்றேன்."

தணிந்த குரலில், மரியாதையாகச் சொன்னார். எங்கள் ஊரில் எதையும் மரியாதையாகத்தான் சொல்வார்கள்.

முகாம் எப்போது நடந்தது என்று கேட்டேன். எனக்குத் தெரியாமல் எங்கள் வீதியில் முகாம் நடந்திருக்க முடியாது. தேதியைச் சொன்னார். புவனாவை எடுத்த நாள்.

"அன்னைக்கு எங்க ஊட்டுல எழவுங்ணா."

மருதாசலம் திரையைத் தன் பக்கம் திருப்பப் பார்த்தார். நான் எழுந்து மேஜையைச் சுற்றிப் போய்ப் பார்த்தேன். முகாம் நடந்ததற்குச் சான்றாக ஒரு படம். இடமும் நேரமும் அதன் ஓரத்திலேயே பதிந்திருந்தன. எங்கள் வாசலில் போட்ட பந்தல். நாற்காலிகளில் ஊர்ச்சனம். நடுவில் தலைவர் பொங்கியண்ணன் கையில் மைக்கோடு நிற்கிறார். படத்தின் இடது பக்கத்தை வெட்டியிருந்தார்கள். அந்தப் பக்கம்தான் ஐஸ் பெட்டி இருந்தது. முன்வரிசையில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தான். அது நான்.

"மேல போட்டோ கேக்கறாங்க தம்பி. அன்னைக்குக் கூட்டம் இருந்தது அங்கத்தாலதான். தப்பா எடுத்துக்காதீங்க," என்றார் மருதாசலம்.

பந்தல் தலைவரின் சொந்தச் செலவு என்று சொல்லியிருந்தார்கள். ஊரில் எந்தச் சாவுக்கும் அவர்தான் முதல் ஆள். பந்தல், நாற்காலி, டீ, மாலை, எல்லாம் வந்து இறங்கிவிடும். எங்கள் பக்கம் எழவுச் செலவை அடுத்தவர் கையில் விடுவதில்லை. கட்டியவன்தான் செய்ய வேண்டும். கருமாதி முடிந்ததும் பந்தல்காரர் சுஃப்யானிடம் கணக்குக் கேட்டேன். தலைவர் கொடுத்துவிட்டார் என்றார். தலைவரிடம் போனேன். அவர் வாங்க மறுத்தார். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

அந்தப் பந்தல் காசு எந்தக் கணக்கிலிருந்து போனது என்று இப்போதுதான் புரிந்தது. மறுபடியும் அவர் தோட்டத்துக்கே போனேன்.

"வாங்க கண்ணு. எளநி வெட்டச் சொல்லட்டுமா?"

"வேண்டாங்க."

விஷயத்தைச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை.

"மருதாசலத்துக்குப் புத்தியே கெடையாது. ஒரு படத்தை ஒழுங்காப் புடிக்கத் தெரியாது."

"படம் இல்லீங்க பிரச்சினை. பள்ளம்."

"கண்ணு, நீ படிச்ச பையன். தலைவருக்கு மாசம் என்ன குடுக்கறாங்கன்னு தெரியுமா? நாலு மாலை வாங்கினாத் தீந்து போகும். ஊருல சாவுன்னா தலைவன் வெறுங்கையை வீசிட்டு வந்தான்னு பேசுவாங்க. கண்ணாலம்னா மொய்யி. நோம்பின்னா மைக்செட்டு. காது குத்தறதுக்குக்கூடச் சீரு எதிர்பாக்கறாங்க. எங்கிருந்து கொண்டாந்து குடுக்கறது? தென்னைல வெள்ளை ஈ உழுந்து காயே இல்லை."

"குடுக்காதீங்க."

"குடுக்காம நீ ஒருக்கா எலக்சன்ல நின்னு பாரு."

அவர் சொன்னதில் பாதி உண்மை. எரிச்சல் வந்ததே அதனால்தான்.

"பந்தல் காசை நான் கட்டீர்றேனுங்க. அந்த வேலையைக் கணக்குல இருந்து எடுத்துருங்க. எடுத்தாத்தான் பள்ளத்துக்குப் புதுசா வேலை போட முடியும்."

அவர் முகம் மாறியது. நிஜமாகவே புண்பட்டுவிட்டார்.

"எழவூட்டுக்காரங்கிட்டக் காசு வாங்கற ஆளா நானு?"

இருந்தாலும் என் முன்னாலேயே மருதாசலத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, எடுக்க முடியுமா என்று கேட்டார்.

"பணத்தைத் திருப்பி வாங்கறதுக்குக் கணக்குல தலைப்பே இல்லீங்க தலைவரே. செலவு எழுதறதுக்குத்தான் இருக்குது," என்றது போன்.

"கேட்டயா? இனி காந்தி ஜெயந்தி கிராமசபைலதான் கணக்கை வெக்கறோம். ஊரு ஏத்துக்க மாட்டேன்னு சொன்னா எடுத்துப்போடலாம். ஏத்துக்கிச்சுன்னா அடுத்த வருசக் கணக்குலதான் பள்ளம்."

"அதுக்குள்ள மழை வந்துருமுங்க. பக்கத்து ஊட்டுப் பையனுக்கு இப்பவே காச்சல்."

"அப்படியா? எந்த ஆஸ்பத்திரின்னு சொல்லு, நான் போன் பண்றேன்." கையில் போனை எடுத்தே விட்டார். "நீயா அந்தப் பள்ளத்துல கை வெச்சுப்போடாத கண்ணு. பொறம்போக்கு. மண்ணுக் கொட்டினா ஆக்கிரமிப்புன்னு எவனாச்சும் பெட்டிசன் எழுதிருவான்."

வீட்டுக்கு வந்தேன். மாமியார் சாந்தாமணி அவிநாசிப் பக்கம். புவனா போனதிலிருந்து நந்திதாவுக்காக எங்களோடு இருக்கிறார். கட்டிலுக்கு அடியில் கொசு அடிக்கும் பேட்டை வீசிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். பேட்டை கீழே வைக்காமல் கேட்டார்.

"கிராமசபைல எந்திரிச்சுக் கேக்கப் போறேனுங்க அத்தை."

"என்னன்னு கேப்பீங்க மாப்ள?"

"முகாம் நடக்கலைன்னு."

"அவுரு மைக்குல பேசினாருங்களே. ட்ரம்மை மூடி வைங்க, டயருல தண்ணி நிக்க உடாதீங்கன்னு. நான் என்ற புள்ளையப் பாத்து அழுதுட்டிருக்கறேன், அந்தாளு ட்ரம்மைப் பத்திப் பேசறான்."

எனக்கு நினைவில்லை. அந்த நாளில் எனக்கு நினைவிருப்பது நாற்காலிக் கைப்பிடியில் இருந்த ஒரு விரிசல். விரலை அதற்குள் விட்டு விட்டு எடுத்தேன். மைக், பேச்சு, யார் வந்தார்கள், ஒன்றும் இல்லை.

"கேளுங்க. நான் வேண்டாங்கல. ஆனா இவனை எடுத்துப்போட்டு இன்னொருத்தன் வந்தாலும் இதையேதான் செய்வான். குழம்பு சூடு பண்ணட்டுங்களா?"

கம்பெனியிலும் இதைத்தான் சொன்னார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவரும் சொன்னார். யாருக்கும் கோபம் இல்லை. கோபம் வர வேண்டுமென்றால் முதலில் ஏதாவது எதிர்பார்த்திருக்க வேண்டும்.

நான் வீதியில் வீடு வீடாகப் போனேன். எல்லோரும் உட்கார வைத்தார்கள். எல்லோரும் காபி கொடுத்தார்கள். பள்ளத்தை மூடவே இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும், தினமும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். தறிக்குடோன் ரங்கராஜ், "அநியாயமுங்க. எழவூட்டுப் படத்தை வெச்சா பில்லுப் போடறது? நீங்க எந்திரிங்க தம்பி, பின்னாடியே நான் எந்திரிக்கறேன்," என்றார். கனகம் வீடு பூட்டியிருந்தது. பையனைக் கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். அன்று நந்திதாவின் கையில் புதிதாகக் கடித்த தடிப்புகளைப் பார்த்தேன். எண்ணெய் தேய்த்துவிட்டேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை.

கிராமசபை பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. வரவு செலவைப் பெரிய பிளக்ஸில் அச்சடித்துக் கட்டியிருந்தார்கள். கட்ட வேண்டும் என்பது விதி. நல்ல வெயில். பிளக்ஸுக்குப் பின்னால் நிழல் விழுந்த பக்கம் ஆட்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். எழுத்து இருந்த பக்கம் யாரும் இல்லை. கூட்டம் முறைப்படி நடக்கிறதா என்று பார்க்க ஒன்றியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். கனகமும் வந்திருந்தாள். பையனுக்குக் காய்ச்சல் இறங்கி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம். நந்திதா தானும் வருவேன் என்று அடம்பிடித்ததால் அவளை இடுப்பில் வைத்திருந்தேன்.

மருதாசலம் கணக்கை வேகமாகப் படித்தார். தெருவிளக்கு. பிளீச்சிங் பவுடர். தலைவர் பயணப்படி. மூன்றாவது வீதி டெங்கு தடுப்புப் பணி மற்றும் விழிப்புணர்வு முகாம்.

எழுந்தேன்.

"இதுல எனக்கு ஆட்சேபணை இருக்குதுங்க. பள்ளம் மூடலை. புகை அடிக்கலை. முகாமும் நடக்கலை. அன்னைக்கு எங்க வீதியில நடந்தது என் மனைவியோட எழவு. இதை ஊரு ஏத்துக்கக் கூடாது. ஏத்துக்கிட்டா மழைக்கு முன்னாடி பள்ளத்தை மூட வழியில்லாமப் போயிரும்."

அதிகாரி தலையைத் தூக்கினார். ரங்கராஜைப் பார்த்தேன். அவர் எழவில்லை. வேட்டி நுனியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

பொங்கியண்ணன் மைக்கை வாங்கினார். கோபப்படவில்லை. குரல் கரகரத்தது.

"கிருபா தம்பி பேசினதுல ஒரு தப்பும் கெடையாதுங்க. வெசனத்துல இருக்கற பையன். நம்மூட்டுப் பையன். நான் ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நான் மைக்குப் புடிச்சுத் தண்ணி தேங்க உடாதீங்கன்னு பேசினனா இல்லையா? தம்பியே சொல்லட்டும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பேசினீங்கன்னு சொல்றாங்க."

"செரி. இனி ஊரு சொல்லட்டும். அன்னைக்குத் தம்பி ஊட்டுக்கு வந்தவங்க கை தூக்குங்க."

கேள்வி எங்கே போகிறது என்று எனக்குப் புரிவதற்குள் கைகள் எழுந்துவிட்டன. எங்கள் ஊரில் கல்யாணத்துக்கு வராதவனை மன்னித்துவிடுவார்கள். எழவுக்கு வராதவனை மன்னிக்க மாட்டார்கள். சாவு வீட்டுக்காரனை எதிரே வைத்துக்கொண்டு நான் வரவில்லை என்று எவன் உட்கார்ந்திருப்பான். முன்வரிசைப் பெண்கள் தூக்கினார்கள். தறிக்காரர்கள் தூக்கினார்கள். கனகம் தூக்கினாள். அவள் வந்தாள்தான். புவனாவைக் குளிப்பாட்டியதே அவள்தான். ரங்கராஜும் தூக்கினார். அவர் அன்று சூரத்தில் இருந்தார். என் இடுப்பில் இருந்த நந்திதாவும் எல்லோரையும் பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினாள்.

மருதாசலம் செல்போனில் படம் எடுத்தார்.

"அது எழவுங்க," என்றேன். "முகாமுக்கு வந்தவங்க மட்டும் தூக்குங்க. மத்தவங்க எறக்குங்க."

யாரும் இறக்கவில்லை. இறக்கினால் எதற்கு வராதவர் ஆவோம் என்று தெரியாமல் ஒருவரையொருவர் பார்த்தார்கள். நிழலில் இருந்து ஒரு பெரியவர் குரல் கொடுத்தார்.

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே. பந்தலும் ஒண்ணு, டீயும் ஒண்ணு. எறக்கச் சொல்லுங்க சாமி, கை வலிக்குது."

சிரித்தார்கள். பெண்கள்கூடச் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அதிகாரி, "ஏகமனதா?" என்று கேட்டார். "ஏகமனதுங்க," என்றார் மருதாசலம். அடுத்து மரக்கன்று நடுவது.

கூட்டம் கலையும்போது தலைவர் என்னிடம் வந்து நந்திதாவின் கன்னத்தைத் தட்டினார்.

"மனசுல வெச்சுக்காத கண்ணு. ஏதாச்சும் ஒண்ணுன்னா எந்நேரம்னாலும் கூப்புடு. மொத ஆளா வந்து நிப்பேன்."

வந்து நிற்பார். அது பொய் இல்லை.

ரங்கராஜ் எனக்கும் சேர்த்து டீ வாங்கி வந்தார்.

"நல்லாப் பேசினீங்க தம்பி."

"நீங்க எந்திரிக்கலீங்களே. கையும் தூக்கினீங்க."

"அது உங்க ஊட்டுக்கு வந்ததுக்குத் தூக்கினதுங்க."

"நீங்க வரலீங்ணா. சூரத்துல இருந்தீங்க. நீங்கதான் சொன்னீங்க."

"அதானுங்க. வர முடியாமப் போச்சு. இப்பவாச்சும் தூக்கறதில்லீங்களா?"

நான் டீயைக் குடித்தேன். அவர் பக்கத்தில் நெருங்கினார்.

"செரி, எந்தப் பக்கம் நிக்கறதா இருக்கறீங்க? முன்னாடியே சொல்லிப்போட்டீங்கன்னா நம்ம வீதி ஓட்டைப் பேசி வெச்சுக்கலாம்."

"எங்கயும் நிக்கலீங்ணா. பள்ளத்தை மூடணும். அவ்வளவுதான்."

"செரி செரி. எல்லாரும் மொதல்ல பள்ளம், தண்ணின்னுதானுங்க ஆரம்பிக்கறாங்க."

நான் சொல்வதை அவர் நம்பவில்லை. அதில் கெட்ட எண்ணமும் இல்லை. விவரமான ஆள் என்று என் மேல் அவருக்கு மதிப்புக் கூடியிருந்தது.

மறுநாள் சோமனூரில் சொல்லி ஒரு ஜேசிபியும் டிப்பரில் மண்ணும் வரவழைத்தேன். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. கணக்கில் அது மூடிய பள்ளம். ஊரே கை தூக்கி மூடிய பள்ளம். அதற்குள் நான் எதை ஆக்கிரமிக்க முடியும்.

வண்டி முதலில் உள்ளே கிடந்ததையெல்லாம் வாரி வெளியே போட்டது. டயர்கள், பெயின்ட் டப்பாக்கள், ஒரு உடைந்த பேசின். எல்லாவற்றிலும் தண்ணீர். தறியை நிறுத்திவிட்டு ஆட்கள் வந்து நின்று பார்த்தார்கள். கனகம் பையனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். இளைத்திருந்தான். ஜேசிபியைக் கண்டதும் கையை உருவிக்கொண்டு முன்னால் ஓடப் பார்த்தான்.

"எந்தக் கட்சிங்க தம்பி இது?" என்று கேட்டாள் கனகம்.

"நாந்தானுங்க்கா."

"அது தெரியுதுங்க. காசு ஆரு குடுக்கறாங்க?"

"நாந்தான்."

"சொல்லக்கூடாதுன்னா உடுங்க," என்று சிரித்தாள்.

எதிர் வீட்டு மாசாணியம்மாள் டிப்பர் அருகே வந்தார். "இங்கத்தாலயும் ஒரு லோடு கொட்டச் சொல்லுங்க. வாசல் எறக்கமா இருக்குது. எங்க ஊட்டுல ஓட்டு அஞ்சு இருக்குதுங்க."

கொட்டச் சொன்னேன். விளக்கம் சொல்லி முடிகிற காரியம் இல்லை. அங்கேயும் தண்ணீர் நிற்கும், அது ஒன்றுதான் எனக்குக் கணக்கு.

மதியம் வேலை முடிந்தது. மேற்கே மேகம் கட்டியிருந்தது. மாமியார் நந்திதாவை அழைத்து வந்து காட்டினார். பள்ளம் இருந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, "இதை ஆடிக்கு முன்னாடி மூடியிருந்தா..." என்று தொடங்கி, முடிக்காமல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜேசிபி டிரைவர் இறங்கி வந்தார். பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன், என் வயதுதான் இருக்கும். பணத்தைக் கொடுத்தேன். பில் வேண்டும் என்றேன். பள்ளம் மூடப்பட்டது என்று ஒரு காகிதமாவது உண்மையாக இருக்கட்டும் என்று தோன்றியது. அவர் சீட்டுக்கு அடியிலிருந்து பில் புத்தகத்தை எடுத்து வண்டி மேல் வைத்தார்.

"பஞ்சாயத்துப் பேர்ல போட்டர்றதுங்களா?"

"இல்லீங்க. என் பேர்ல. கிருபாசங்கர்."

"சரிங்க. எத்தனை மணி நேரம்னு போடட்டுங்க?"

"ஓட்டினதைப் போடுங்க."

"தொகைங்க?"

"நான் குடுத்ததைப் போடுங்க."

பேனா நின்றது. கேலி செய்கிறேனா என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு மூடிய பள்ளத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"அதுக்கு எதுக்குங்க பில்லு?"

"எழுதுங்க," என்றேன்.

எழுதினார். உடம்பு சரியில்லாத ஒருவர் சொல்வதை மறுத்துப் பேச மனமில்லாதவரைப் போல, மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார்.